ஒன்பதாவது ஷீட்

இருபத்து நான்கு சுருள்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. கஜந்தினி குனிந்து ராக்கின் அடித்தட்டைப் பார்த்தாள். பின்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். தூசியும் ஒரு முறிந்த கட்டர் பிளேடும் அகப்பட்டன. மிஞ்சியிருந்த அந்த ஒற்றைச் சுருளுக்கு மட்டும் வெள்ளைக் காகிதம் சுற்றி, இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகும் பரிசு மாதிரி நிறுத்தி வைத்திருந்தது. மேலே மார்க்கரில் 'கஜா மேடம் ஃபைனல்' என்று எழுதியிருந்தது. பாண்டித்துரையின் கையெழுத்து.

அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் விளம்பரப் பலகை செய்யும் கடை அது. கஜந்தினி அங்கே டிசைனர். சாவகச்சேரியில் பிறந்து, ஒன்பது வயதில் அப்பாவின் வேலையோடு அஜ்மானுக்கு வந்தவள். இப்போது வயது இருபத்தொன்பது. பாண்டித்துரை பெரிய பிரிண்டிங் மெஷினின் ஆபரேட்டர். பரமக்குடிப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டரில் அவள் செய்வதை ஃப்ளெக்ஸில் அவர் அச்சடிப்பார். ஆறு வருடமாக இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பும் தினமும் இரண்டு சண்டையும் உண்டு.

"பாண்டி அண்ணா, என்ர ஷீட்டுகள் எங்க?"

"அதான் கட்டி வச்சிருக்கேனே மேடம். ஓரத்தையெல்லாம் மடிச்சு ஒட்டி, கயிறு கோக்குற ஐலெட் புதுசா அடிச்சு, சும்மா பளபளன்னு இருக்கு. பிரிச்சுப் பாருங்க."

"இது ஒண்டுதானே. மற்ற இருபத்து மூண்டும்?"

"அதெல்லாம் வேஸ்ட்டுல்ல?" என்றார் அவர், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேஸ்ட் எண்டு ஆர் சொன்னது?"

"வேற யாரும் சொல்லணுமா? பின்னாடி நீங்களே எழுதி வச்சிருக்கீங்க, பிழை, திரும்பவும் பிழைன்னு. நாளைக்குப் பெரிய பெரிய வாத்தியாருங்க பாக்கப்போறாங்கன்னு சொன்னீங்கல்ல? இம்புட்டுத் தப்பையும் பாத்தா பாஸ் போடுவாங்களா? அதான் யார் கண்ணுலயும் படாம அனுப்பிவிட்டேன். பத்து நாளாச்சு."

அவர் குரலில் நன்றியை எதிர்பார்க்கிற தொனி இருந்தது. கஜந்தினி பக்கத்திலிருந்த மை டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவரைக் குற்றம் சொல்வதற்கும் இல்லை. கடையின் வழக்கம் அது. அச்சில் நிறம் பிசகினாலோ, அளவு தப்பினாலோ, மானேஜர் வருவதற்குள் அந்த ஷீட் மாயமாகிவிட வேண்டும். சரியாக வந்தது மட்டும் கண்ணில் படும். கம்ப்யூட்டரிலும் அதே சட்டம்தான். பழைய ஃபைலை அழித்துவிட்டு அதே பெயரில்தான் புதியதைச் சேமிப்பாள். இரண்டு ஃபைல் இருந்தால் ராத்திரி ஷிப்ட்காரன் பழையதை அச்சடித்து வைத்துவிடுவான். ஆகவே இருபத்து நான்கு முறை திருத்திய அவளுடைய சொந்த வேலைக்கும் கடைசி ஃபைல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கைப்பழக்கம்.

அவளுடைய படிப்போ இதற்கு நேர்மாறானது. ஷார்ஜாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாலை நேர வகுப்பு, டிசைனில் முதுகலை. முதல் வருடம் முழுக்க ஆராய்ச்சி முறை பற்றிய பாடம். பேராசிரியர் மர்ஜானா முதல் வகுப்பிலேயே ஒரு நாற்காலியை மேசைமேல் தூக்கி வைத்தார். "இது நாற்காலி. இதைச் செய்தவர் தச்சர். இதைச் செய்யும்போது முறிந்த கால்களையும், ஏன் முறிந்தன என்ற குறிப்பையும் இதன் பக்கத்தில் வைத்தால்தான் அவர் ஆராய்ச்சியாளர்" என்றார். மற்றத் துறைகளில் கேள்வியை எழுதிவிட்டு விடை தேடுவார்கள். இங்கே கையால் செய்து பார்ப்பதுதான் கேள்வி கேட்கும் முறை. செய்த பொருளுக்குப் பாதி மதிப்புக்கூடக் கிடையாது. அதற்கு வந்த வழிக்குத்தான் மதிப்பு. இதை அவர் அந்த வருடத்தில் முப்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

கஜந்தினி எடுத்துக்கொண்டது ஒரு பஸ் ஸ்டாப். கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பது. அதற்குக் கூரை உண்டு, இருக்கை உண்டு. ஆனால் மாலை நான்கு மணிக்கு, வேலை விட்டு ஆட்கள் வந்து நிற்கிற நேரத்தில், கூரையின் நிழல் இருக்கையை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிற மண்ணில் போய் விழும். மேற்குப் பக்கத் தூண்களில் ஒரு தடுப்பு ஷீட் கட்டினால் நிழலை இருக்கைக்குக் கொண்டுவரலாமா என்பதுதான் அவள் கேள்வி. கடையில் மிஞ்சும் பிளாக்அவுட் ஷீட்டில், நடுவே கறுப்புப் படலம் வைத்துத் துளி வெளிச்சமும் ஊடுருவாமல் செய்கிற அந்தக் கனமான ரகத்தில், விதவிதமான அளவில் அச்சடித்து, தூண்களில் ஒரு மணி நேரம் கட்டிப் பார்த்து அவிழ்த்துவிடுவாள். உடனே அங்கேயே நின்று ஷீட்டின் பின்பக்கம் மார்க்கரால் குறிப்பு எழுதுவாள். தேதி, மணி, நிழல் விழுந்த இடம், எது பிழை, அடுத்து என்ன. வேகமாக எழுத அவளுக்குத் தமிழ்தான் வரும். தனியாக நோட்டு எதுவும் கிடையாது. ஷீட்டுகள்தான் நோட்டு.

நாளை பதினொரு மணிக்கு மூன்று பேர் கொண்ட குழுவின் முன் அதைக் காட்ட வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் பட்டத்துக்கான கடைசி வருடம். இல்லையென்றால் டிப்ளமோ சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடத்து மாலைநேரங்கள் அத்தோடு சரி.

"அண்ணா, அவையளுக்குப் பிழைதான் வேணும். சரியா வந்தது இல்லை."

பாண்டித்துரை மெஷினை நிறுத்தினார். "தப்பத்தான் கேக்குறாங்களா?"

"ஓம்."

"அந்தக் காலேஜ்ல என்னையச் சேத்திருந்தா கோல்டு மெடல் வாங்கியிருப்பேனே" என்றார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். "சரி, புதுசா தப்பு அடிச்சுக் குடுத்துரவா? தப்புத்தானே மேடம். எப்ப அடிச்சாலும் தப்புத்தான்."

அந்த யோசனை அவளுக்குள் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது என்பது உண்மை. அளவுகள் ஓரளவு நினைவில் இருந்தன. போனில் ஏழெட்டுப் படங்கள் இருந்தன, எல்லாம் முன்பக்கம். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து 'மார்ச் 11, மாலை 4.10' என்று எழுதிப் பார்த்தாள். எழுத்து அழகாக வந்தது. வெயிலில், ஷீட்டைத் தூணில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, காற்று பிய்க்கப் பிய்க்க எழுதியது அப்படி இருக்காது. கிறுக்கலாக எழுத முயன்றாள். அது இன்னும் மோசமாக, கிறுக்கலாக எழுத முயன்றது போலவே இருந்தது. துண்டைக் கசக்கித் தொட்டியில் போட்டாள்.

"எங்க அனுப்பினனீங்கள்? குப்பைக்கோ?"

"குப்பைக்கா? பிளாக்அவுட் ஷீட்டையா?" பாண்டித்துரைக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. "கேம்புக்குத்தான் மேடம். பெட்டுக்குத் திரை கட்டியிருக்காங்க. நைட் டூட்டிக்காரங்க பகல்ல தூங்கணும்ல."

ஆண் தொழிலாளர்கள் தங்குகிற அந்தக் கேம்புக்குள் அவள் போக முடியாது. வாசலில் செக்யூரிட்டி உண்டு, பெண்களுக்கு அனுமதி இல்லை. ஆறரை மணிக்கு ரூமுக்குப் போனதும் வீடியோ கால் போடுவதாக பாண்டித்துரை சொன்னார். சொன்னபடியே போட்டார்.

முதலில் அவருடைய மூக்கு வந்தது. பிறகு கூரை, மின்விசிறி, கொடியில் தொங்கும் துண்டுகள். பிறகு வரிசையாக இரண்டடுக்குக் கட்டில்கள். அவற்றில் அவளுடைய ஷீட்டுகள் தொங்கின. எத்தனையோ தடவை இடம் மாற்றி மாற்றி அவள் வைத்த ஐலெட் துளைகளில் பேக்கிங் கயிறு நுழைந்து கட்டில் சட்டத்தில் முடிச்சு விழுந்திருந்தது. கதவோரக் கட்டிலில் நான்காம் எண் ஷீட், அளவு குட்டை என்று கைவிட்டது, கட்டிலுக்குக் கச்சிதமாக இருந்தது. நடைபாதைப் பக்கம் கருநீல அச்சு. உட்பக்கம் அவள் எழுத்து.

"எழுத்து ஏன் உள்ளுக்க?" என்று கேட்டாள்.

"படுத்துக்கிட்டுப் படிக்கத்தான். சாமி படம்லாம் பாத்து முடிச்சாச்சு" என்றது ஒரு புதுக் குரல். கீழ்க் கட்டிலில் ஒருவர் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை.

"இவருதான் ராமையா அண்ணன்" என்றார் பாண்டித்துரை. "புதுக்கோட்டை. மால்ல தரை கிளீனிங். ரெண்டு மாசமா நைட் டூட்டி. ராத்திரி எட்டு மணிக்கு வேன் வந்துரும் இவருக்கு."

ராமையா போனுக்குள் எட்டிப் பார்த்தார். "நீங்கதான அந்த பஸ் ஸ்டாப்புல நீலத் துணி கட்டுன பொண்ணு? பகல் டூட்டியில இருக்கும்போது தினம் உங்களப் பாப்பேன். காத்துல பட்டம் விடுற மாதிரி கட்டிக்கிட்டு நிப்பீங்க."

அவளுக்கு அவரை நினைவில்லை. அப்போதுதான் அவர் தலைக்குப் பின்னால் தொங்கிய ஷீட்டில் அவளுடைய கறுப்பு எழுத்துக்குக் கீழே, சிவப்பு மார்க்கரில் வேறு ஒரு கை எழுதியிருப்பதைப் பார்த்தாள்.

"அண்ணா, கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ. உந்த எழுத்தைத்தான். கீழ."

மேலே அவள் எழுதியது இருந்தது. 'ஒன்பது. மார்ச் 11, மாலை 4.10. நிழல் இருக்கையில் சரியாக விழுகிறது. ஆனால் அதில் ஒருத்தரும் இருக்கவில்லை. எல்லோரும் வெளியே வெயிலில் நிற்கினம். ஏன்? நிறமா? உயரமா?'

கீழே சிவப்பில், பெரிய பெரிய எழுத்தில்: 'கலரும் இல்லை உயரமும் இல்லை. துணிக்குப் பின்னால் உக்காந்தால் வருகிற பஸ் நமக்குத் தெரியாது. டிரைவருக்கு நம்மளைத் தெரியாது. நிக்காமல் போய்விடுவான். அடுத்த பஸ் முக்கால் மணி நேரம். அதுக்கு வெயில் தேவலாம்.'

கஜந்தினி இரண்டு முறை படித்தாள். மார்ச் பதினொன்றுக்குப் பிறகு நிறத்தை ஐந்து முறை மாற்றியிருந்தாள். உயரத்தை ஆறு முறை. மெஷின் பக்கத்தில் காகிதம் சுற்றி நிற்கிற இருபத்து நான்காவது, அந்த 'ஃபைனல்', எல்லா அளவும் சரியாக வந்தது, அதுவும் மேற்கேயிருந்து வருகிற பஸ்ஸை முழுசாக மறைக்கும். அதைக் கட்டிய அன்றைக்கும் நாலைந்து பேர்தான் உட்கார்ந்தார்கள். அவள் கேமராவை எடுத்த பிறகு உட்கார்ந்தவர்கள்.

"நான் கேட்டனான்தானே அண்ணை" என்றாள். "ஃபோர்ம் குடுத்து நாற்பத்தொரு பேரிட்டக் கேட்டனான். நல்லா இருக்கு மேடம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை. நீங்களும்தானே சொல்லியிருப்பீங்கள்?"

"சொல்லியிருப்பேன்." ராமையா தோசையை மென்று விழுங்கினார். "கழுத்துல கார்டு மாட்டிக்கிட்டு, பேப்பரும் பேனாவுமா வந்து கேட்டா வேற என்னத்தச் சொல்றது? கம்பெனி ஆளா, கவர்மெண்ட் ஆளா, யாரு கண்டா? இங்க படுத்துக்கிட்டு தினம் அந்த 'ஏன்?'ஐப் பாத்துக்கிட்டே இருந்தேன். தாங்கல. எழுதிட்டேன்."

பின்னால் யாரோ, "அவரு ஊர்ல பள்ளிக்கூடத்துலயும் இப்புடித்தான் செவுத்துல எழுதி வெளிய வந்தவரு" என்றார்கள். ரூமில் சிரிப்பு எழுந்தது.

கஜந்தினி சிரிப்பு அடங்கும்வரை இருந்தாள். அவளுக்கு மற்ற இருபத்திரண்டும் வேண்டியிருக்கவில்லை. இந்த ஒன்று போதும். முறிந்த கால், முறிந்ததற்கான காரணம், இரண்டும் ஒரே ஷீட்டில்.

"அண்ணை, நாளைக்கு ஒரு நாளைக்கு உந்த ஷீட்டைத் தரேலுமோ?"

ராமையா விரலைத் தட்டின் ஓரத்தில் வழித்தார்.

"எத்தன மணிக்கு?"

"பதினொண்டுக்கு."

ராமையா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அவர் கட்டிலுக்கு நேரே இருந்தது அது. காலை வெயில் முழுக்க அந்த வழியாகத்தான் வரும் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. காலை ஆறரைக்கு டூட்டி முடித்து வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுக்கிறவர்.

"அதான் நல்லா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குற நேரம்" என்றார். பிறகு, "எடுத்துக்கங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துரணும். லுங்கியக் கட்டிச் சமாளிச்சுக்கிறேன்."

"இன்னொண்டு. உங்கட எழுத்தைக் காட்டுறதுக்கு உங்கட சம்மதம் வேணும். ஒரு ஃபோர்ம் இருக்கு, கையெழுத்து..."

"கையெழுத்து மட்டும் கேக்காதீங்க தங்கச்சி. ஏஜெண்டு நீட்டுன பேப்பர்ல போட்டுட்டு இங்க வந்துதான் பதினோரு வருசமாச்சு." அவர் தட்டைக் கீழே வைத்தார். "வேணும்னா ஷீட்லயே எழுதித் தர்றேன். பேர் போட மாட்டேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாண்டித்துரை ஷீட்டை ஒரு அட்டைக் குழாயில் சுற்றி, வெளியே செய்தித்தாள் ஒட்டிக் கொண்டுவந்தார். ஆறு அடி நீளம். "அண்ணன் எழுதிட்டாரு. கீழ ஓரத்துல இருக்கு" என்றவர், போகிற போக்கில், "அந்த நல்ல ஷீட்டையும் எடுத்துட்டுப் போங்க மேடம். ரெண்டு மார்க்காவது போடட்டும்" என்றார்.

இருபத்து நான்காவதையும் அவர் காகிதம் சுற்றியபடியே எடுத்துக்கொண்டாள். குட்டையான பக்கமாகச் சுருட்டிய சின்னச் சுருள், கக்கத்தில் அடங்கியது. ராமையாவின் குழாய்தான் தொல்லை கொடுத்தது. ஷார்ஜா பஸ்ஸின் டிரைவர் அதைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டார். "மாஃபி. லம்பா நஹி." நீளமானதை ஏற்ற முடியாதாம். அடுத்த பஸ்ஸும் அப்படியே. மணி ஒன்பதே கால். டாக்ஸிக்குப் போனில் தேடினாள், பள்ளிக்கூட நெரிசலில் எதுவும் பக்கத்தில் இல்லை. மூன்றாவது பஸ் வருவது தெரிந்தது. குறுக்காகத் திருப்பிச் சுருட்டிக் கட்ட நேரமில்லை. செய்தித்தாளைக் கிழித்து, அட்டைக் குழாயை உருவி எறிந்துவிட்டு, நடைமேடையில் வைத்து ஷீட்டை நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று மடித்தாள். அது விறைப்பாக எதிர்த்தது. முழங்காலால் அழுத்தினாள். ஃப்ளெக்ஸை மடிக்கக் கூடாது என்பது கடையில் துடைப்பம் பிடிக்கிறவருக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். பிழையாகப் போன ஷீட்டுக்கு மடிப்பு விழுந்தால் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. பைக்குள் திணித்துக்கொண்டு ஏறினாள்.

குழுவில் மர்ஜானாவோடு இரண்டு பேர் இருந்தார்கள், வெளியிலிருந்து வந்த ஒரு கட்டிடக் கலைஞரும் ஒரு சிற்பியும். கஜந்தினி முதலில் பாண்டித்துரையின் சுருளைப் பிரித்தாள். பளபளவென்று இருந்தது. கட்டிடக் கலைஞர் ஐலெட்டுகளைத் தடவிப் பார்த்து, "அருமையான வேலை" என்றார். "இது பிழை" என்றாள் அவள். மூவரும் நிமிர்ந்தார்கள். பிறகு பையிலிருந்து ஒன்பதாவதை எடுத்து மேசைமேல் விரித்தாள். மடிப்பு நிமிராமல் நடுவில் கூரை மாதிரி எழும்பி நின்றது. கைகளால் அழுத்திக்கொண்டே நடந்ததை நடந்தபடி சொன்னாள். இருபத்து மூன்றும் எங்கே போயின, ஏன் போயின, நாற்பத்தொரு படிவங்கள் என்ன சொல்லின, சிவப்பு எழுத்து என்ன சொல்கிறது, எல்லாம். அவளுடைய குறிப்பையும் ராமையாவின் பதிலையும் ஆங்கிலத்தில் வரி வரியாகச் சொன்னாள்.

சிற்பி குனிந்து சிவப்பு எழுத்தை விரலால் தொட்டார். மர்ஜானா கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எழுதியவர் இப்போது எங்கே?"

"தூங்கிக்கொண்டிருக்கிறார்" என்றாள். "இதைத்தான் திரையாகக் கட்டித் தூங்குவார்."

"காட்டுவதற்குச் சம்மதம் தந்தாரா? எழுத்தில்?"

"தந்தார். இதிலேயே எழுதியிருக்கிறார். கீழே."

அவளும் அதை இன்னும் படித்திருக்கவில்லை. ஷீட்டின் கீழ் ஓரம் மேசைக்கு அப்பால் மடங்கித் தொங்கியது. பார்ப்பதற்கு வசதியாக அதை எடுத்து, இரண்டு மேல் மூலைகளையும் பிடித்து, ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி, முழு ஷீட்டையும் தனக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். எழுத்து அவர்கள் பக்கம் இருந்தது. படிக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, எழுத்து தன் பக்கம் வரும்படி பிடித்தாள். ஷீட் இப்போது அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்தது. பதினொன்றே கால் மணி வெயில் அதற்குப் பின்னால் நின்றது. அடி ஓரத்தில் சிவப்பில் இரண்டு வரி.

"என்ன எழுதியிருக்கிறார்?" என்றார் மர்ஜானா.

'பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் தங்கச்சி, மடிக்க மட்டும் வேண்டாம், சுருட்டியே கொண்டுவாருங்கள். மடிப்பு விழுந்தால் அந்தக் கோடு வழியாக வெளிச்சம் வந்துவிடும்.'

அவள் படித்து முடித்தும் மொழிபெயர்க்கவில்லை. கைகள் தூக்கினபடியே இருந்தன. அச்சும் எழுத்தும் சேர்ந்து இருட்டாகத் தெரிந்த ஷீட்டின் நடுவே, மேலிருந்து கீழாக ஒன்றும் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றுமாக, நூல் பிடித்த மாதிரி இரண்டு வெள்ளைக் கோடுகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று அவள் முகத்தின் மேல், சரியாகக் கண்ணுக்குக் குறுக்கே விழுந்தது.